கரைக்கு வெளியே முளைத்த கோரை

என் தங்கச்சி தரையைப் பார்த்தே நடப்பவள். எதிரே லாரி வந்தாலும் அவள் கண் லாரியில் இருக்காது, சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த விதையில் இருக்கும். அதனால் அவளுக்கு ஏழு வயதிலேயே எறும்பு என்று பெயர் வைத்தேன். நான் வைத்தது எதுவும் லேசில் அழியாது. இன்று அவளுக்கு அறுபத்தாறு வயது. ஏரிக்குப் பறவை பார்க்க வருகிற பெரிய படிப்புக்காரர்கள், பல் டாக்டர் உட்பட, "எறும்பக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நான் படித்தது ஐந்தாவது. ஐந்தாவதிலும் பாதிதான். அதற்காக எனக்கு எழுத வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். என் கையெழுத்தைப் பார்த்து வாயைப் பிளந்த என்ஜினியர்கள் உண்டு. அவளைப் பற்றி நான்தான் எழுத வேண்டும். அவளிடம் பேனாவைக் கொடுத்தால் தன்னைப் பற்றி ஒரு வரி இருக்காது, கோரைப்புல்லைப் பற்றி நாற்பது பக்கம் இருக்கும்.

அவள் விதைக் கம்பெனியில் சோதனை அறையில் வேலை பார்த்தாள். ஈரத்தாளில் நூறு விதையை வரிசையாக வைத்து, மூடி, சீட்டு ஒட்டி, ஏழாம் நாள் திறந்து எத்தனை முளைத்தது என்று எண்ணுகிற வேலை. முப்பத்தோரு வருஷம் அதே அறை, அதே ஸ்டூல். எண்பத்தெட்டு முளைத்தால் எண்பத்தெட்டு என்று எழுதுவாள். ஒரு மேனேஜர் வந்து தொண்ணூறு என்று போடச் சொன்னார். "மிச்சம் ரெண்டையும் நீங்க முளைக்க வைங்க சார், உடனே போட்டுடறேன்" என்றாளாம். அந்த மேனேஜர் போனார், அடுத்தவர் வந்தார், அதற்கடுத்தவரும் வந்தார். இவளுக்கு மட்டும் ஸ்டூல் மாறவில்லை.

ஓய்வு பெற்ற மறு மாதம் ஞாயிற்றுக்கிழமை நடையை ஆரம்பித்தாள். காலை ஆறரைக்கு ஏரி கேட்டில் கூட வேண்டும். பளிச்சென்ற சட்டை கூடாது, சென்ட் கூடாது, போன் வாயைத் திறக்கக் கூடாது. பதினைந்து இருபது பேர் வருவார்கள். பல் டாக்டர், தையல்கடைக்காரம்மா, பீரங்கி மாதிரி காமிரா வைத்திருக்கிற ஒருவர், அவரை எல்லாரும் காமிராக்காரர் என்பார்கள். பறவை கத்தியதும் அத்தனை பேரும் அண்ணாந்து பார்ப்பார்கள். இவள் மட்டும் குந்தி உட்கார்ந்து ஒரு இலையைத் திருப்பிக்கொண்டிருப்பாள். "மேல பாத்தது போதும். இங்க ஒருத்தர் தோலை உரிச்சிட்டு வெளிய வராரு, மரியாதையா வந்து நில்லுங்க" என்பாள். இலைக்கடியில் ஒரு புழு பழைய தோலைக் கழற்றிக்கொண்டிருக்கும். அடுத்த அரை மணி நேரம் கொக்காவது நாரையாவது, ஒருவரும் அந்த இடத்தை விட்டு அசைய மாட்டார்கள்.

கேட் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட கரும்பலகை ஒன்றை நட்டு வைத்திருந்தாள். நடை முடிந்ததும் அன்று பார்த்ததையெல்லாம் வெள்ளைச் சாக்பீஸில் எழுதுவாள். அந்த ஏரியில் அதுவரை யாரும் பார்க்காதது ஒன்று வந்துவிட்டால் அதற்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அந்த நட்சத்திரத்துக்கு எல்லாரும் கை தட்டுவார்கள். பல் பிடுங்கிப் பேர் வாங்கிய டாக்டர் அந்தச் சிவப்புச் சாக்பீஸைக் கையில் வாங்க அலைந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த ஏரிக்குக் கரை கட்டியது நான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆயிரத்து இருநூறு அடி நீளம், நாற்பது ஆள், இரண்டு ரோலர், நாலு மாதம். ஒவ்வொரு சாண் மண்ணுக்கும் ரோலர் ஏழு தடவை ஓடினால் போதும் என்றார் ஷூ போட்ட என்ஜினியர். எட்டு என்றேன் நான். எட்டுதான் ஓடியது. கூலி ஆளாக மண் சுமந்து அந்த வேலைக்கு முதலாளியாக ஏறியவன் நான் ஒருத்தன்தான். என்னோடு மண் சுமந்தவர்களில் வேறு யாரும் ஏறவில்லை.

கரைக்குக் கீழே அறுபது வீடு உள்ள தெரு. முதல் வரிசையில் மூன்றாவது வீடு தங்கச்சியுடையது. அவள் வீட்டுக்காரர் பஸ் மெக்கானிக்காக இருந்தவர். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இடது கையும் காலும் சொன்ன பேச்சு கேட்காது. முன்னறையில் ஜன்னல் ஓரமாகக் கட்டில். அந்த ஜன்னலைத் திறந்தால் என் கரைதான் தெரியும். வானம் மேலே ஒரு முழம்தான் தெரியும்.

"மச்சான், நீ கட்டினதை இருபத்து நாலு மணி நேரமும் பாத்துக்கிட்டிருக்கிற ஒரே ஆள் நான்தான். எனக்குச் சம்பளம் போடு" என்பார்.

"மாப்ள, நீ பாக்கலைன்னாலும் அது நிக்கும்" என்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கோடையில், சிவப்பு நட்சத்திரங்கள் வரிசையாக விழ ஆரம்பித்தன. எல்லாம் ஒரே இடத்தில். கரையின் உள்பக்கம் தண்ணீர் நிற்கும். வெளிப்பக்கச் சரிவு காய்ந்து கிடக்கும், காய்ந்த புல்தான் வளரும். அந்த வெளிச்சரிவின் அடியில் முதலில் கோரை முளைத்தது. பிறகு நாலு இலை விரித்த ஆரைக்கீரை. பிறகு தவளை. பிறகு நீள மூக்கைச் சேற்றில் குத்திக் குத்தி மேய்கிற உள்ளான் ஒரு ஜோடி. கடைசியாகப் பட்டாம்பூச்சிகள். ஒன்று இரண்டல்ல, நூற்றுக்கணக்கில். ஈர மண்ணில் உப்பை உறிஞ்சுவதற்காக இறக்கையை மடித்துக்கொண்டு வரிசையாக உட்காரும். யாராவது இருமினால் மஞ்சளும் வெள்ளையுமாக மொத்தமாக எழும்பி மறுபடி அங்கேயே இறங்கும். ஒரு கோடையில் பதினொரு நட்சத்திரம். பட்டாம்பூச்சி மூலை என்று பெயர் வைத்தார்கள். பெஞ்சு போட்டார்கள்.

ஏரி அலுவலகத்திலிருந்து ஒருநாள் நாலு ஆள் மண்வெட்டியோடு வந்து கோரையை வெட்டி எறியப் பார்த்தார்கள். ஈரத்தை மூட ஒரு டிராக்டர் மண்ணும் கொண்டு வந்திருந்தார்கள். தங்கச்சி நடுவில் போய் நின்றுவிட்டாள். "முதல்ல என் மேல கொட்டுங்க" என்றாளாம். அதோடு விடவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தாள். அந்த மூலையில் யாரும் கை வைக்கக் கூடாது. ஏரி நடுவில் உள்ள திட்டில் பறவைகள் கூடு கட்டி, குஞ்சு பறக்கிற வரைக்கும் தண்ணீரைக் குறைக்கவும் கூடாது. திட்டு என்றால் இடுப்பளவு புதர் மண்டிய ஒரு மேடு. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால்தான் நீர்க்காகமும் கொக்கும் பயமில்லாமல் அங்கே முட்டையிடும். அலுவலகம் இரண்டையும் ஒப்புக்கொண்டு இரும்புப் பலகையே நட்டுக் கொடுத்தது.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வேறு யாராக இருந்தாலும், வறண்ட இடத்தில் ஈரம் வந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். இவர்கள் என்னென்ன வந்தது என்று கேட்டார்கள்.

நான் எங்கே போயிருந்தேன் என்று நீங்கள் கேட்கலாம். எட்டு வருஷமாக அவள் கூப்பிட்டும் நான் அந்த நடைக்குப் போகவில்லை. உயிரோடு கண்ணெதிரே நிற்கிற கொக்கைப் பார்க்கக் கண்ணாடிக் குழாய் எதற்கு என்று கேலி பேசிக்கொண்டு வீட்டில் இருந்தேன். இந்த வருஷம் மழைக்கு முந்தின மாதம் ஒரு சனிக்கிழமை போன் பண்ணினாள்.

"அண்ணே, நாளைக்கு வாலுக்கு ஆள் இல்ல. நீ வா."

வால் என்றால் வரிசையில் கடைசி ஆள். யாரும் பின்தங்கிப் போகாமல் பார்த்துக்கொள்கிற வேலை.

"நாப்பது பேரை முன்னால நின்னு நடத்தினவன் நான். என்னை வாலாக்கப் பாக்கறியா?"

"முன்னால நிக்கிறவங்க ஒண்ணையும் பாக்கறதில்ல அண்ணே. வாலுக்குத்தான் எல்லாம் தெரியும். ஆறரைக்கு வந்துடு. அந்தச் சிவப்புச் சட்டையைப் போட்டுக்காதே."

போனேன். நாரையைக் காட்டினார்கள், பார்த்தேன். மரத்தின் பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டிருந்த பூச்சியைக் காட்டினார்கள். எனக்குத் தெரியவில்லை, தெரிகிறது என்றேன். ஏழரை மணிக்குப் பட்டாம்பூச்சி மூலைக்கு வந்தோம். அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். காமிராக்காரர் மண்ணில் படுத்தே விட்டார்.

நான் மதகிலிருந்து அந்த இடம் வரைக்கும் கண்ணாலேயே அளந்தேன்.

அந்த இடத்தை எனக்குத் தெரியும். மதகிலிருந்து நூற்று அறுபதாவது அடி. கரை கட்டுவதற்கு முன்னால் அங்கே ஒரு பழைய சூளை இருந்தது. சூளைக்காரன் பதித்த சுட்டமண் குழாய் ஒன்று குறுக்கே கிடந்தது. அதைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் கரை போட வேண்டும் என்று காகிதத்தில் இருந்தது. மழை ஒரு வாரத்தில் என்று நின்றது, தோண்ட ஒன்பது நாள் ஆகும். இரண்டு வாயையும் சிமென்ட் வைத்து அடைத்து மேலே மண்ணைப் போட்டேன். குழாயின் அடிவயிற்றுக்குக் கீழே ரோலர் போகாது. அங்கே எட்டுத் தடவையும் இல்லை, ஏழு தடவையும் இல்லை. என் வாழ்நாளில் இப்படி நான் விட்டது அது ஒன்றுதான். என்ஜினியர் வந்து பார்த்தபோது கரை சம்பந்தி வீட்டு மாப்பிள்ளை மாதிரி அழகாக நின்றது.

நான் குனிந்து, பூச்சிகளுக்கு நடுவே விரலை வைத்தேன். தண்ணீர் நிற்கவில்லை, ஓடியது. நூல் மாதிரி. சுத்தமான தண்ணீர் கசிந்தால் பயமில்லை, எந்த மண் கரையும் கொஞ்சம் வியர்க்கும். கலங்கலாக வந்தால் கரை உள்ளே கரைகிறது என்று அர்த்தம். அது ரொம்ப லேசான கலங்கல். மண் வேலை பார்த்த கண்ணுக்குத்தான் தெரியும்.

தங்கச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணே?"

"ஒண்ணுமில்ல. மழை ஈரம்."

"மழை பேஞ்சு நாப்பது நாளாச்சு."

"உள்ள தங்கியிருக்கும்."

அவள் குந்தி உட்கார்ந்தாள். பையிலிருந்து மூடி போட்ட சின்னப் பாட்டில் ஒன்றை எடுத்து அந்தத் தண்ணீரைப் பிடித்தாள். சீட்டு எழுதி ஒட்டினாள். எனக்கு அந்தச் சீட்டைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அடுத்து மழை தொடங்கியது. ஏரிக்கு மேற்கே மலைப்பக்கம் நாள்தோறும் பெய்தது. நான் தினமும் காலையில் எழுந்து நடைப்பயிற்சி என்று சொல்லிக்கொண்டு கரைமேல் போய்வந்தேன். மதகுச் சுவரில் அளவு எழுதியிருக்கும். பதினோரு அடி. பன்னிரண்டு. பன்னிரண்டரை. கரையின் மேல்மண் என் செருப்புக்கடியில் ஓரிடத்தில் மட்டும் மெத்தை மாதிரி அமுங்கியது. அங்கே மறுபடி மிதிக்காமல் தாண்டிப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இருபத்திரண்டு வருஷப் பேர் என்னாவது? எங்கே போனாலும் "ஏரிக்கரை கட்டினவர்" என்றுதான் என்னை அறிமுகம் செய்கிறார்கள். இன்னொரு அடி ஏறட்டும், பார்க்கலாம் என்று நினைத்தேன். கரை கட்டின ஒருவன் அப்படி நினைக்கவே கூடாது. நான் நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் பறவைகளின் நடத்தையும் மாறியிருந்தது. திட்டில் கூடுகள் நிறைந்து வழிந்தன, அங்கே ஒரே கூச்சல். மூலையில் இருந்த உள்ளான் ஜோடியைக் காணவில்லை. தவளைகள் கரைச் சரிவில் நாலடி மேலே ஏறிவிட்டன. பட்டாம்பூச்சிகள் பெஞ்சையும் தாண்டித் தெருப்பக்கம் இறங்கி உட்கார ஆரம்பித்தன. ஈரம் எங்கே போகிறதோ அங்கே அவையும் போயின.

ஆறு வாரம் முடிந்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அவள் என்னை வீட்டுக்கு வரச் சொன்னாள். போனபோது மேசையில் ஆறு பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் தேதி. எல்லாம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பிடித்த தண்ணீர். ஒவ்வொன்றையும் ஏழு நாள் அசைக்காமல் தெளிய விட்டிருந்தாள். முதல் பாட்டிலின் அடியில் முடி கனத்துக்கு மண். இரண்டாவதில் நூல் கனம். ஆறாவதில் என் சுண்டுவிரல் கனத்துக்கு மண் படிந்து கிடந்தது.

"அண்ணே, இதுல ஒண்ணும் மழை ஈரம் இல்ல" என்றாள்.

நான் உட்கார்ந்தேன்.

"உன் விரல்ல பட்டதும் உன் மூஞ்சி மாறுச்சு. நான் பூச்சியப் பாக்கல, உன்னைத்தான் பாத்தேன். ஆறு வாரமா நீயே சொல்லுவன்னு காத்துக்கிட்டிருந்தேன். உள்ள என்ன இருக்கு?"

குழாயைச் சொன்னேன். அதைச் சொல்லி முடிக்க எனக்கு நாலு வாய் தண்ணீர் தேவைப்பட்டது. அவள் திட்டவில்லை. வெளியே போய் நின்று கரையைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை.

"மண்ணோட வந்தவங்களை நான்தான் திருப்பி அனுப்பினேன். பலகையும் நான்தான் வச்சேன். பதினோரு நட்சத்திரம் போட்டேன் அண்ணே. ஒவ்வொண்ணும் ஓட்டைன்னு சொல்லியிருக்கு. நான் பூ போட்ட மாதிரி போட்டுட்டு வந்திருக்கேன்."

முன்னறைக் கட்டிலிலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. "அண்ணன் தங்கச்சி பழியப் பங்கு பிரிச்சது போதும். தண்ணி வந்தா நான் எந்தக் காலால ஓடணும்னு யாராவது சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

தண்ணீரைக் குறைத்தால் கரை நிற்கும். அது ஒன்றுதான் வழி. ஆனால் தண்ணீர் குறைந்தால் திட்டைச் சுற்றி மண் தெரியும். ஊர் நாய்கள் நடந்து போய்விடும். அந்த வாரம் அவள் எண்ணிய கூடு நூற்று எண்பத்தேழு. குஞ்சுகளுக்கு இறகு முளைக்க இன்னும் மூன்று வாரம் வேண்டும். எட்டு வருஷம் அவள் காத்த இடம் அது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். "தெரியும்" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

ஏரி அதிகாரி நல்ல மனிதர்தான், வெளியூர்க்காரர், நான் யாரென்று அவருக்குத் தெரியாது. பாட்டில்களை மேசையில் வரிசையாக வைத்ததும் முதலில் அவருக்குப் புரியவில்லை. மதகைத் திறக்க வேண்டும் என்றதும் அலமாரியைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.

"அம்மா, இது உங்க மனு. முதல் கையெழுத்து உங்களோடது. தண்ணியக் குறைக்கவே கூடாதுன்னு இங்க உக்காந்து என்கிட்ட அரை நாள் சண்டை போட்டீங்க."

"போட்டேன். தப்பு. இப்போ திறங்க."

"பட்டாம்பூச்சி இடம் மாறி உக்காந்துச்சுன்னு ஊர் குடிக்கிற தண்ணியத் திறந்து விடச் சொல்றீங்க. மேல கேட்டா நான் என்ன சொல்றது? பூச்சி சொல்லுச்சுன்னா?"

"பூச்சிதான் சொல்லுச்சு. எங்களுக்குத்தான் கேக்கல."

"கரையில கோளாறுன்னா கட்டினவர்கிட்ட எழுத்துல வேணும். அது இல்லாம நான் மதகுல கை வைக்க முடியாது."

என் தங்கச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அதுதான் அவள் குணம். ஒரு வார்த்தை, இவர்தான் கட்டினவர், உள்ளே குழாய் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். சொல்லவில்லை. விதை தானாக முளைத்தால்தான் அவள் கணக்கில் சேர்ப்பாள்.

வெளியே மறுபடி மழை பிடித்தது. அலுவலகத் தகர மேற்கூரையில் அது விழுந்த சத்தத்தில் பேசினாலும் கேட்காது. அதனால் பேசாமல் கையை நீட்டினேன். அதிகாரி காகிதம் தந்தார். மதகிலிருந்து நூற்று அறுபதாவது அடியில் பழைய சுட்டமண் குழாயை எடுக்காமல் மூடியது நான்தான் என்று எழுதினேன். கரைமேல் ஓரிடம் அமுங்குவதையும் எழுதினேன். அதைப் பார்த்துப் பத்து நாளாகிறது என்றும் எழுதினேன். கீழே பெயர் போட்டேன். எழுத்து எப்போதும் போல முத்து முத்தாகத்தான் இருந்தது. அதிகாரி படித்தார். படித்துவிட்டு என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அந்த மாதிரி யாரும் என்னை அதுவரை பார்த்ததில்லை. பிறகு போனை எடுத்தார்.

அன்று மாலை நாலு மணிக்கு மதகு திறந்தது. கீழ்த்தெருவைக் காலி செய்யச் சொன்னார்கள். மாப்பிள்ளையைக் கட்டிலோடு தூக்கி என் வீட்டுக்குக் கொண்டு வந்தோம். தெருக்காரர்கள் மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது எங்களை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். "பறவைக்காகத் தண்ணிய ஏத்தினாங்க, இப்ப எதுக்காக இறக்கறாங்க?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். நியாயமான கேள்வி.

வெள்ளிக்கிழமைக்குள் ஐந்தடி இறங்கியது. அன்று காலை பத்தரைக்கு, நான் மதகு மேல் நின்றுகொண்டிருக்கும்போதே, நூற்று அறுபதாவது அடியில் கரையின் மேல்பக்கம் ஒரு தட்டு அளவுக்குக் குழிந்தது. தட்டு அண்டாவானது. பிறகு பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஒரு பெருமூச்சு மாதிரி கேட்டது. ஒரு லாரி நிற்கிற அகலத்துக்கு என் கரை உள்ளே அமுங்கி உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் அந்த வாய்க்கு ஒரு ஆள் உயரம் கீழே இருந்தது. கீழ்த்தெரு முதல் வரிசையில் வாசல்படி வரைக்கும் சேறு வந்தது, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை இருந்த தண்ணீர் அன்றும் இருந்திருந்தால், பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எங்களைத் திட்டிக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று நான் எழுதப் போவதில்லை.

அந்த ஓட்டையைப் பார்க்க ஊரே வந்தது. வராதது தங்கச்சி மட்டும்தான். அவளைத் தேடிக்கொண்டு ஏரியின் அந்தப் பக்கம் போனேன். திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பாதை அகலத்துக்குச் சேறு வெளியே வந்திருந்தது. அதில் நாய்க் கால்தடங்கள் போயிருந்தன. சில தடங்கள் திரும்பியும் வந்திருந்தன. அவள் கையில் நோட்டு இருந்தது.

"நூத்து நாப்பத்து நாலு" என்றாள்.

தையல்கடைக்காரம்மா அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். காமிராக்காரர் கொஞ்சம் தள்ளி நின்றார். "கொஞ்சம் கொஞ்சமா இறக்கியிருக்கலாமே எறும்பக்கா. ஒரு வாரம் தள்ளியிருந்தா..."

"உடைஞ்சதைப் போய்ப் பாத்துட்டு வந்து அதைச் சொல்லுங்க சார்" என்றேன் நான்.

"விடு அண்ணே. அவருக்கு என்ன தெரியுதோ அதைச் சொல்றாரு." என்னிடம் ஒரு கொம்பைக் கொடுத்தாள். "நீ அந்தச் சேத்துப் பாதைக் கழுத்துல நில்லு. சத்தம் போட்டா குஞ்சு மிரண்டு கீழ விழுந்துடும், அதனால கத்தாதே. கொம்பைத் தரையில தட்டு, போதும்."

அன்றிலிருந்து நான் அங்கேதான் நிற்கிறேன். ரோலர் ஓட்டியவன், நாற்பது ஆளை விரலால் நடத்தியவன், முழங்கால் சேற்றில் நின்று ஏழு நாய்களோடு மல்லுக்கட்டுகிறேன். காலையில் நான், மதியம் தையல்கடைக்காரம்மா, சாயங்காலம் மறுபடி நான். தங்கச்சி மூன்று வேளையும். எதிர்க்கரையில் நாய்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. குரைப்பதில்லை. நான் தட்டினால் காதை ஆட்டுகின்றன, எழுந்திருப்பதில்லை. மழை விட்டுவிட்டது, சேறு காய்ந்து கெட்டியாகிக்கொண்டே வருகிறது என்பது என்னைவிட அவற்றுக்கு நன்றாகத் தெரியும். நேற்றைய எண்ணிக்கை தொண்ணூற்றாறு. குஞ்சுக்கு இறகு வர இன்னும் பதினோரு நாள்.

ஞாயிற்றுக்கிழமை நடைக்கு மூன்றே பேர் வந்தார்கள். பல் டாக்டரும் வந்தார். அவள் அவர்களைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஆளுக்கு ஒரு கொம்பு கொடுத்து நிற்க வைத்தாள். யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. எல்லாரும் சேற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணே" என்றாள் மெதுவாக. "அந்தப் பக்கம் பாரு."

பார்த்தேன். திட்டின் வடக்கே, இதுவரை தண்ணீர் நின்ற இடத்தில், கெட்டி மண் இன்னொரு கோடாக வெளியே வந்திருந்தது. எதிர்க்கரையில் ஏழு நாய்கள் இருந்த இடத்தில் நாலுதான் இருந்தன. எனக்கு எழுபத்து மூன்று வயது. கொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.